கருவியின் வடிவமும் உலோகத்தின் வலிமையும்

உலோகத்தை உருக்காமலே அதன் உள்ளமைப்பை மாற்றி வலிமை ஊட்ட முடியும் என்பது, கொல்லன் உலைக்களத்தில் சம்மட்டி பிடித்த காலந்தொட்டு மனிதன் அறிந்த உண்மை. ஆயினும், சுழலும் ஒரு கருவியைத் திண்ணிய தகட்டுக்குள் அழுத்தி இறக்கி, உராய்வினால் எழும் உஷ்ணத்தாலேயே அதை இளக்கி, இளகிய இடத்தைக் கிளறிக்கொண்டே முன்னேறினால், கருவி கடந்து சென்ற பாதையிலுள்ள உலோகம் முன்னைவிட நுண்ணிய படிக மணிகளும் குறைந்த குற்றங்களும் உடையதாக அமையும் என்பது சென்ற நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில்தான் தெளிவாயிற்று. 1991 டிசம்பரில், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள வெல்டிங் இன்ஸ்டிடியூட்டில், வேய்ன் தாமஸும் அவருடைய சகாக்களும் இரண்டு தகடுகளை ஒன்றாக இணைப்பதற்காக இந்த உராய்வுக் கிளறல் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதே செயலை, இணைப்பதற்காக அன்றி ஒரே தகட்டின் குணத்தை மாற்றுவதற்காகவும் பயன்படுத்தலாம் என்பதை, அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில், அமெரிக்காவில் மிசூரி-ரோலா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராஜீவ் மிஸ்ரா என்னும் இந்திய அறிஞரும் அவரோடு உழைத்தவர்களும் நிலைநாட்டினார்கள். அவர்கள் இவ்வாறு பதப்படுத்திய 7075 என்னும் அலுமினியக் கலவையில் மணிகளின் அளவு 3.3 மைக்ரானாகக் குறைந்தது. 490 டிகிரி சென்டிகிரேடில் இழுத்தபோது அது அறுபடாமல் ஆயிரம் சதவீதத்துக்கு மேல் நீண்டது.

இத்தனையையும் செய்யும் கருவி பார்வைக்கு மிகவும் எளியது. உருளையான ஓர் எஃகுத் தண்டு. அதன் அடிமுகத்தில் அகலமான வட்டப் பரப்பு. அந்தப் பரப்பின் நடுவிலிருந்து கீழே நீண்டிருக்கும் சிறிய முளை. அகன்ற பரப்பைத் தோள் என்று அழைக்கிறார்கள். முளை தகட்டுக்குள் இறங்குகிறது. தோள் தகட்டின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டு சுழல்கிறது. இந்த இரண்டு உறுப்புகளின் வடிவத்தையும் அளவையும் மாற்றினால் பதப்பட்ட உலோகத்தின் வலிமை எவ்வாறு மாறுகிறது என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம். கால் நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் இதுபற்றி ஆராய்ச்சிகள் நடந்துவருகின்றன. அவற்றுள் தமிழ்நாட்டில் நடந்தவை எண்ணிக்கையிலும் முறைமையிலும் முன்வரிசையில் வைத்து மதிக்கத்தக்கவை.

சென்னை அபிராமபுரத்தில் இருந்துகொண்டு இதைப்பற்றி எழுதுகிறவனுக்கு இந்த ஆராய்ச்சி தூரதேசத்துச் செய்தியன்று. அடையாற்றைக் கடந்தால், 1959-ல் தோன்றிய ஐ.ஐ.டி.யின் உலோகவியல் துறையில் இம்முறையால் புதிய கலப்புப் பொருள்களை உண்டாக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். இன்னும் சற்று மேற்கே சென்றால், 1958-ல் நிறுவப்பட்ட கிண்டித் தொழிற்பேட்டையில், இத்தகைய கருவியைக் கடைந்து கொடுக்கும் திறமை வாய்ந்த லேத், மில்லிங் பட்டறைகள் இருக்கின்றன. தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உற்பத்திப் பொறியியல் துறையும், மேற்கே கோயம்புத்தூரின் பொறியியல் கல்லூரிகளும் இதே கேள்வியைத் தத்தம் வழியில் பரிசீலித்திருக்கின்றன. இவ்வளவு உழைப்பும் சேர்ந்து நமக்கு உணர்த்துவது என்ன என்பதைத் தொகுத்து நோக்குவது அவசியம் என்று கருதுகிறேன். ஏனெனில், எந்த வடிவம் சிறந்தது என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டால், வடிவம் எதைச் செய்கிறது என்ற அடிப்படைக் கேள்வி மறைந்துபோகும் அபாயம் உண்டு.

தோள்: உஷ்ணத்தின் பிறப்பிடம்

முதலில் தோளை எடுத்துக்கொள்வோம். சுழலும் வட்டப் பரப்பில், நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல உராயும் பரப்பும் அதிகரிக்கிறது, உராயும் வேகமும் அதிகரிக்கிறது. ஆகவே பிறக்கும் உஷ்ணம் ஆரத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. மற்றவை யாவும் மாறாதிருக்க, தோளின் விட்டத்தை 15 மில்லிமீட்டரிலிருந்து 18 ஆக உயர்த்தினால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கூட்டினால், உஷ்ணம் ஏறத்தாழ 73 சதவீதம் கூடிவிடுகிறது. 21 ஆக உயர்த்தினால் 2.7 மடங்கு ஆகிறது. உலோகம் இளக இளக அதன் எதிர்ப்பும் குறைவதால் உண்மையில் நிகழும் உயர்வு இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்றாலும், விட்டத்தில் செய்யும் சிறு மாறுதல் உஷ்ணத்தில் பெரு மாறுதலாக முடிகிறது என்னும் உண்மை அதனால் பழுதுபடுவதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஷ்மிட், ஹட்டெல், வெர்ட் என்பவர்கள் 2004-ல் வெளியிட்ட கணக்கின்படி, அவர்கள் எடுத்துக்கொண்ட கருவியில் பிறந்த உஷ்ணத்தில் 86 சதவீதம் தோளினாலும், 11 சதவீதம் முளையின் பக்கங்களாலும், 3 சதவீதம் முளையின் நுனியாலும் உண்டாயின. கருவிக்குக் கருவி இந்த விகிதம் மாறும். ஆனால் உஷ்ணத்தின் பெரும்பகுதி தோளினால்தான் பிறக்கிறது என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை.

தோளுக்கு இன்னொரு கடமையும் உண்டு. இளகிய உலோகம் மேலே பிதுங்கி வெளியேறிவிடாமல் அதைத் தடுத்து, அழுத்தி, முளைக்குப் பின்னால் உண்டாகும் பள்ளத்தை நிரப்பச் செய்வது அது. இதற்காகவே தோளின் முகத்தைச் சிறிது குழிவாக அமைத்து, கருவியை இரண்டு மூன்று டிகிரி பின்புறமாகச் சாய்த்து ஓட்டுவது வழக்கமாயிற்று; முகத்தில் சுருள் வடிவமான வரிகளைச் செதுக்கினால், சாய்வு இல்லாமலே இளகிய உலோகம் மையத்தை நோக்கி இழுக்கப்படுகிறது என்பதும் பின்னர்க் கண்டறியப்பட்டது. ஆக, தோளின் விட்டம் உஷ்ணத்தை நிர்ணயிக்கிறது. தோளின் முகம் உலோகத்தை உள்ளே காத்து நிற்கிறது. விட்டம் அளவுக்கு மீறிச் சிறுத்தால் உலோகம் போதிய அளவு இளகாமல் உள்ளே குடைவு விழும். அளவுக்கு மீறிப் பெருத்தால் மிகுந்த உஷ்ணத்தினால் மணிகள் பருத்து, ஓரங்களில் உலோகம் பிதுங்கி, சுற்றுப்புறமும் மெலிந்துபோகும்.

முளை: ஓட்டத்தின் கர்த்தா

தோள் உஷ்ணத்துக்குக் காரணம் என்றால், முளை ஓட்டத்துக்குக் காரணம். கருவியின் சுழற்சியும் அது செல்லும் திசையும் ஒன்றுபடும் பக்கத்தை முன்செல் பக்கம் என்றும், ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும் பக்கத்தைப் பின்செல் பக்கம் என்றும் சொல்லுவார்கள். முளைக்கு முன்னால் இருக்கும் உலோகம் பின்செல் பக்கமாகச் சுற்றிச் சென்று முளைக்குப் பின்னால் படிகிறது. கருவி ஒரு சுற்றுச் சுற்றும்போது ஓர் அடுக்குப் படிகிறது; நிமிஷத்துக்கு 1,600 சுற்றுச் சுழன்று 45 மில்லிமீட்டர் முன்னேறும் கருவி, சுற்றுக்குச் சுமார் 0.028 மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்கை விட்டுச் செல்கிறது. வெட்டிப் பார்த்தால் வெங்காயச் செதிள் போல் தோன்றும் வளையங்களின் இடைவெளி இந்த அளவோடு ஒத்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இவ்வாறு உலோகம் முளையைச் சுற்றி நகர்வதற்கு முளையின் பக்கங்கள் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். வழுவழுப்பான கழியைத் தயிரில் சுழற்றினால் வெண்ணெய் திரளாது. வரிவரியாகச் செதுக்கிய மத்துத்தான் கடையும். முளையின் விஷயமும் அதுவே: தட்டையான முகங்கள், மரை, வரிப்பள்ளம் ஆகிய ஏதேனும் ஒன்று இருந்தால்தான் ஓட்டம் திடமாக அமைகிறது.

இந்தப் பற்றும் தன்மையை அளவிட ஒரு வழி, சுழலும்போது முளை துடைத்துச் செல்லும் கன அளவுக்கும் முளையின் சொந்தக் கன அளவுக்கும் உள்ள விகிதத்தைக் காண்பது. வழுவழுப்பான வட்ட முளைக்கு இந்த விகிதம் ஒன்று. 6 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கும் சதுர முளையின் குறுக்குப் பரப்பு 18 சதுர மில்லிமீட்டர். அது துடைக்கும் வட்டமோ 28.3 சதுர மில்லிமீட்டர். எனவே விகிதம் 1.57. அதே வட்டத்துக்குள் அடங்கும் சமபக்க முக்கோண முளையின் பரப்பு 11.7 மட்டுமே, விகிதம் 2.42 ஆகிறது. கனத்த தகடுகளுக்காக வெல்டிங் இன்ஸ்டிடியூட்டில் உருவாக்கிய முளைகளும் இந்தத் தத்துவத்தையே பின்பற்றின: 25 மில்லிமீட்டர் தகட்டில் வழக்கமான வட்ட முளைக்கு 1.1 ஆக இருந்த விகிதம், வோர்ல் என்னும் முளைக்கு 1.8 ஆகவும், மூன்று வரிப்பள்ளங்கள் கொண்ட டிரைஃப்ளூட் முளைக்கு 2.6 ஆகவும் உயர்ந்தது. தவிர, தட்டை முகங்கள் உள்ள முளை ஒவ்வொரு சுற்றிலும் உலோகத்தை முகத்துக்கு ஒருமுறை உந்துகிறது. நிமிஷத்துக்கு 1,600 சுற்றுச் சுழலும் சதுர முளை விநாடிக்கு ஏறத்தாழ 107 உந்தல்களையும், முக்கோண முளை 80 உந்தல்களையும் தருகின்றன. வட்ட முளைக்கு இத்தகைய உந்தலே இல்லை.

விகிதம் பெரிதாக இருப்பதே மேன்மை என்றால் முக்கோணமே முதலிடம் பெறவேண்டும். ஆனால் விகிதம் உயர்வதற்குக் கொடுக்கும் விலை, முளையின் உடல் மெலிவது; மெலிந்த முளை வளையும், முறியும். உந்தலின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டாலோ சதுரமே முந்துகிறது. ஆகவே கணிதம் வழி காட்டுகிறதேயன்றித் தீர்ப்புச் சொல்வதில்லை. தீர்ப்புக்குப் பரிசோதனையை நாடியே ஆகவேண்டும்.

சிதம்பரத்துப் பரிசோதனைகள்

அந்தப் பரிசோதனையை ஒழுங்குபடச் செய்தவர்களுள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. இளங்கோவன், வி. பாலசுப்பிரமணியன் ஆகியோருக்குத் தனி இடம் உண்டு. 2007, 2008 ஆண்டுகளில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகள் உலகெங்கும் இத்துறையில் உழைப்பவர்கள் மீண்டும் மீண்டும் எடுத்தாளுபவை. உள்நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த இயந்திரத்தைக் கொண்டு, வட்டம், கூம்பிய வட்டம், மரையிட்ட வட்டம், சதுரம், முக்கோணம் என்னும் ஐந்து முளைகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். 2219 என்னும் அலுமினிய-செம்புக் கலவையில் ஒரு வரிசையில் சுழற்சி வேகத்தை மூன்று படிகளாகவும், இன்னொரு வரிசையில் முன்னேறும் வேகத்தை மூன்று படிகளாகவும் மாற்றினார்கள்; 6061 என்னும் கலவையில் தோளின் விட்டத்தை 15, 18, 21 மில்லிமீட்டர் என்று மூன்றாக மாற்றினார்கள். இவ்வாறு ஒவ்வொரு வரிசையிலும் பதினைந்து சேர்க்கைகள் கிடைத்தன. ராக்கெட்டுகளின் எரிபொருள் தொட்டிகளைச் செய்யப் பயன்படும் கலவை 2219 என்பதை நினைத்தால், இது வெறும் புத்தக ஆராய்ச்சி அன்று என்பது விளங்கும்.

அவர்கள் கண்ட முடிவு இரண்டு கலவைகளிலும் ஒன்றே: சதுர முளை குற்றமற்ற கிளறல் பகுதியையும் உயர்ந்த இழுவிசை வலிமையையும் தந்தது, 6061-ல் அதனோடு 18 மில்லிமீட்டர் தோள் சேர்ந்தபோது பலன் மிகச் சிறந்திருந்தது. நடுத்தரமான தோளே வென்றது என்பது, முன்னே சொன்ன மும்மடி விதியோடு பொருந்துகிறது. கோயம்புத்தூரில் விஜய், முருகன் ஆகியோர் 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பத்து சதவீதம் டைட்டானியம் டைபோரைடு கலந்த அலுமினியத்தில் சதுரம், அறுகோணம், எண்கோணம் ஆகிய முளைகளை ஒப்பிட்டபோதும் சதுரமே சிறப்படைந்தது.

இந்த முடிவுகளைப் பெரிதும் மதிக்கிறேன். மதிப்பதனாலேயே அவற்றின் உட்பொருளை நுணுகிப் பார்க்க வேண்டும் என்கிறேன். இத்தகைய ஒப்பீடுகளில் வலிமை குறைந்தவற்றின் குறுக்குவெட்டுகளைப் பார்த்தால், அவற்றுள் பலவற்றில் குடைவும் துளையும் இருப்பதைக் காண்கிறோம். குடைவு விழுந்த தகடு வலிமை குன்றுவது உலோகத்தின் தன்மையால் அன்று. உலோகம் இல்லாத இடத்தால். ஆகவே சதுர முளையின் வெற்றி, முதன்மையாகக் குற்றமின்மையின் வெற்றி. உலோகத்தின் உள்வலிமையை அது எவ்வளவு உயர்த்திற்று என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒரே எண்ணால் அளந்ததுதான், கருவி வடிவத்தைப் பற்றிய பெருவாரியான ஆராய்ச்சிகளில் ஏற்பட்டிருக்கும் மயக்கத்துக்கு மூலம் என்பது என் துணிபு.

குற்றம் எவ்வாறு விளைகிறது என்பதை விளக்க, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த குமார், சதீஷ் கைலாஸ் ஆகியோர் 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சி பெரிதும் துணைபுரிகிறது. கருவி செல்லச் செல்ல அழுத்தும் பாரம் படிப்படியாகக் கூடும்படி அமைத்து, ஒரே தகட்டில் குற்றம் பிறப்பதையும் மறைவதையும் அவர்கள் கண்டார்கள். முளையினால் இயங்கும் ஓட்டம் ஒன்று, தோளினால் இயங்கும் ஓட்டம் ஒன்று. இந்த இரண்டும் ஒன்றையொன்று தழுவிக் கலக்கும் அளவுக்குப் பாரம் உயர்ந்த பின்புதான் குடைவு மூடுகிறது என்பது அவர்கள் கண்ட தத்துவம். முளையும் தோளும் வெவ்வேறு வேலைக்காரர்கள். அவர்களுடைய வேலை சந்திக்கும் இடத்தில்தான் தகட்டின் நன்மை தீமை நிர்ணயமாகிறது.

மக்னீசியம் கூறும் மாற்றுச் சாட்சி

சதுரமே சர்வ உத்தமம் என்று முடிவுகட்டுவோருக்கு, அதே சிதம்பரத்திலிருந்து அதே நேர்மையோடு மறுப்பும் வந்தது. பத்மநாபன், பாலசுப்பிரமணியன் ஆகியோர் ஏஇசட் 31 பி என்னும் மக்னீசியக் கலவையில் முளையின் வடிவம், தோளின் விட்டம், கருவியின் உலோகம் ஆகிய மூன்றையும் மாற்றிப் பார்த்து 2009-ல் வெளியிட்ட முடிவின்படி, மரையிட்ட முளையும், 18 மில்லிமீட்டர் தோளும், உயர்கரி எஃகும் சேர்ந்த கருவியே சிறந்தது. அலுமினியத்தில் வென்ற சதுரம் மக்னீசியத்தில் வெல்லவில்லை. தோளின் விட்டம் மாத்திரம் இரண்டிலும் ஒன்றாகவே நின்றது.

இதற்கு உரிய காரணத்தை இரண்டு உலோகங்களின் ஸ்வபாவத்திலேயே தேடவேண்டும். மக்னீசியத்தின் படிகம் அறுகோண அமைப்புடையது. அதில் அணுத்தளங்கள் எளிதில் வழுக்கும் திசைகள் மிகச் சில. ஜப்பானில் பார்க், ஸாட்டோ, கோகவா ஆகியோர் 2003-ல் காட்டியபடி, கிளறப்பட்ட மக்னீசியத்தில் அடித்தளங்கள் முளையின் பக்கத்தைத் தழுவிய ஒரு பரப்பில் வரிசையாக நின்றுவிடுகின்றன. அதாவது, முளை உலோகத்தினுள் தன் உருவத்தையே அச்சாகப் பதித்துச் செல்கிறது. அந்த அச்சின் திசையைப் பொறுத்து, மணிகள் எவ்வளவு நுண்ணியவையாக இருந்தபோதிலும், தகடு எதிர்பார்த்ததைவிட எளிதில் நெகிழ்ந்துவிடக்கூடும். கிளறல் பகுதியின் எல்லையிலேயே முறிவு நேர்வதும் உண்டு. இங்கே வடிவம் வலிமையை ஆள்வது மணியின் அளவினால் மட்டும் அன்று, மணிகளின் திசையினாலும்தான்.

வலிமை எங்கே குடியிருக்கிறது?

ஆகவே, கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், இந்த உலோகத்தின் வலிமை எதில் அடங்கியிருக்கிறது என்று கேட்பதே விவேகம். மணிகள் சிறுக்கச் சிறுக்க வலிமை வளர்கிறது என்பது, 1951-ல் ஹாலும் 1953-ல் பெட்சும் நிறுவிய விதி. மணியின் விட்டத்தினுடைய வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அது வளர்கிறது. இரும்புக்கும் மக்னீசியத்துக்கும் இவ்விதியால் கிடைக்கும் லாபம் அதிகம், அலுமினியத்துக்குக் குறைவு. எனவே அலுமினியத்தில் மணிகளை நுணுக்கியதையே பெரும் சாதனையாகக் கொள்வது எல்லாக் கலவைகளுக்கும் பொருந்தாது.

6061, 2219, 7075 போன்றவை சூட்டுப் பக்குவத்தால் வலிமை பெறும் கலவைகள். நுண்ணோக்கியிலும் எளிதில் அகப்படாத வீழ்படிவுத் துகள்களே அவற்றின் பலம். முழுப் பக்குவம் செய்த 6061 தகட்டின் இழுவிசை வலிமை ஏறத்தாழ 310 மெகாபாஸ்கல் இருப்பது அவற்றின் உபயம். கிளறும்போது எழும் உஷ்ணத்தில் அந்தத் துகள்கள் மையப் பகுதியில் கரைந்துபோகின்றன. மையத்துக்கு வெளியே, முளையின் கை எட்டாமல் உஷ்ணம் மட்டும் எட்டும் பகுதியில், அவை பருத்து வலுவிழக்கின்றன. குற்றமின்றி அமைந்த இணைப்பு இழுவைச் சோதனையில் பெரும்பாலும் முறிவது இந்த வெளிப்பகுதியில்தான். அங்கே முளை சதுரமா வட்டமா என்பது ஏறக்குறைய ஒரு பொருட்டே அன்று. தோளின் விட்டமும், வேகமும், பின்னர்ச் செய்யும் சூட்டுப் பக்குவமுமே தீர்மானிக்கின்றன. முளையின் வடிவத்தினால் வலிமை ஓரளவுக்கு மேல் உயராமல் நின்றுவிடுவதன் ரகசியம் இதுவே.

5083 போன்று சூட்டுப் பக்குவத்தை நம்பாத அலுமினியக் கலவைகளில் நிலைமை வேறு. அங்கே மணியின் நுண்மையே பிரதானம். வார்ப்பு உலோகங்களிலோ முளையின் மகத்துவம் முழுமையாக வெளிப்படுகிறது. ஏ356 என்னும் வார்ப்பு அலுமினியத்தில் சிலிகான் ஊசிபோல் நீண்டு கிடக்கிறது. ஆங்காங்கே வாயுத்துளைகளும் உள்ளன. முளை அந்த ஊசிகளை உடைத்துப் பரப்பி, துளைகளை மூடிவிடுகிறது. ஷர்மா, மா, மிஸ்ரா ஆகியோர் 2004-ல் வெளியிட்ட சோதனையில், இவ்வாறு பதப்படுத்திய ஏ356-ன் களைப்பு வலிமை வரம்பு 80 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. பாரம் தாங்கும் பகுதியும் முளை கிளறும் பகுதியும் ஒன்றாக அமையும்போது, வடிவத்தின் செல்வாக்கு நேரடியாக வலிமையில் தெரிகிறது.

துகள் கலந்த கலப்புப் பொருள்களிலும் அவ்வாறே. மிஸ்ராவும் சகாக்களும் 2003-ல் 5083 தகட்டின் மேற்பரப்பில் சிலிகான் கார்பைடுத் துகள்களைக் கிளறிப் புகுத்தியபோது, கன அளவில் 27 சதவீதம் துகள் சேர்ந்த இடத்தில், 85 விக்கர்ஸ் ஆக இருந்த கடினம் 173 ஆக உயர்ந்தது. நம் அடையாற்றங்கரை ஐ.ஐ.டி.யில் ரஞ்சித் பௌரியும் அவருடன் உழைத்தவர்களும் 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இந்த வழியில் வெகுதூரம் சென்றன. அலுமினியத்துக்குள்ளேயே விளைவித்த டைட்டானியம் கார்பைடுத் துகள்கள் வார்ப்பில் மணியோரங்களில் கும்பலாகத் தேங்கியிருந்தன. ஒருமுறை கிளறியதும் கும்பல் கலைந்தது. இருமுறை கிளறியதும் துகள்கள் ஒரே சீராகப் பரவி, வார்ப்புக் குற்றங்களும் நீங்கின. தேவிந்தர் யாதவும் பௌரியும் நிக்கல் துகள்களை அலுமினியத்தில் பதித்தபோது, நெகிழ்வு வலிமை மும்மடங்காகியும் நீளும் தன்மை போதிய அளவு எஞ்சியிருந்தது. இருமுறை கிளறுவதால் கிடைக்கும் சீர்மையைப் பார்க்கும்போது ஒன்று தோன்றுகிறது: ஒரு சிறந்த முளை ஒருமுறையில் செய்வதை, எளிய முளை பலமுறையில் செய்யக்கூடும். வடிவத்தின் மதிப்பை, அது மிச்சப்படுத்தும் உழைப்பைக் கொண்டும் அளக்க வேண்டும்.

தேயும் கருவி

கட்டுரைகளில் வரையப்படும் கருவி என்றும் மாறாத கூர்மையுடையது. பட்டறையில் ஓடும் கருவியோ ஒவ்வோர் அங்குலத்திலும் தேய்கிறது. அலுமினியத்தில் எஃகுக் கருவி நெடுநாள் உழைக்கும். எஃகையே கிளறவேண்டுமானால் டங்ஸ்டன்-ரீனியம் போன்ற அரிய உலோகங்களையும், வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள போரான் நைட்ரைடையும் நாடவேண்டியிருக்கிறது. கடினத் துகள் கலந்த அலுமினியத்தில் கருவி விரைவாகத் தேய்கிறது. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் எல் பாஸோ கிளையில் பிராடோ, மர் முதலியவர்கள் 20 சதவீதம் அலுமினா கலந்த 6061-ஐ மரையிட்ட முளையால் கிளறிக்கொண்டே சென்றபோது, மரைகள் முற்றும் தேய்ந்து, முளை ஒரு குறிப்பிட்ட வழுவழுப்பான உருவத்தை அடைந்ததும் தேய்வு அநேகமாக நின்றுவிட்டது. அந்த உருவத்திலும் இணைப்புக் குற்றமின்றி அமைந்தது. 2003-ல் வெளிவந்த இந்தச் செய்தி, வடிவத்தைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்தவேண்டியது. ஆராய்ச்சியாளன் தேர்ந்தெடுக்கும் வடிவம் ஒன்று. உலோகமும் கருவியும் தமக்குள் தீர்மானித்துக்கொள்ளும் வடிவம் மற்றொன்று. பரிசோதனையின் தொடக்கத்தில் சதுரமாக இருந்த முளை முடிவில் என்னவாக இருந்தது என்று சொல்லாத கட்டுரை, தன் சாட்சியத்தில் ஒரு பகுதியை விட்டுவிடுகிறது.

முடிவும் வேண்டுகோளும்

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்தால் கிடைக்கும் முடிவு இது. கருவியின் வடிவம் உலோகத்துக்கு வலிமையை நேரே வழங்குவதில்லை. உஷ்ணம், ஓட்டம் ஆகிய இரண்டின் வழியாகவே வழங்குகிறது. தோளின் விட்டம் உஷ்ணத்தின் கடிவாளம். சூட்டுப் பக்குவக் கலவைகளில் இறுதி வலிமை பெரும்பாலும் அதைப் பொறுத்தது. முளையின் முகங்களும் மரைகளும் ஓட்டத்தின் கடிவாளம். குற்றமின்மை எங்கும் அவற்றைப் பொறுத்தது, வார்ப்பிலும் கலப்புப் பொருளிலும் வலிமையும் அவற்றையே பொறுத்தது. மக்னீசியத்தில் இவற்றோடு படிகத்தின் திசை என்னும் மூன்றாவது விஷயமும் சேர்கிறது. முளையின் விட்டத்தைப்போல் தோளின் விட்டம் மும்மடங்கு இருப்பது நல்ல தொடக்கம் என்பதும், அலுமினியத் தகடுகளுக்குத் தட்டை முகமுள்ள முளை நம்பத்தகுந்தது என்பதும் அனுபவத்தில் தேறிய உண்மைகள். ஆனால் அவை தொடக்கமே அன்றி முடிவல்ல.

சென்னையிலும் சிதம்பரத்திலும் கோயம்புத்தூரிலும் இத்துறையில் புகும் இளைஞர்களிடம் நான் வேண்டுவன நான்கு. ஐந்து வடிவங்களை அடுக்கி முதற் பரிசு யாருக்கு என்று கேட்பதை நிறுத்தி, துடைக்கும் கன அளவையோ முளையின் குறுக்குப் பரப்பையோ சமமாக வைத்துக்கொண்டு வடிவங்களை ஒப்பிடுங்கள். இல்லையேல் வடிவத்தின் பயனும் அளவின் பயனும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். குற்றமுள்ள தகட்டையும் குற்றமற்ற தகட்டையும் ஒரே பட்டியலில் இட்டு வலிமையைப் பேசாதீர்கள். முதலில் குற்றம் நீங்கும் எல்லையைக் காட்டி, பிறகு அந்த எல்லைக்குள் வலிமையை அளந்து, முறிவு நேர்ந்த இடத்தையும் கூறுங்கள். முறுக்கு விசை, அழுத்தும் பாரம், உஷ்ணம் ஆகிய மூன்றையும் ஓடும்போதே அளந்து பதிவு செய்யுங்கள். அவை இருந்தால் உங்கள் கருவியை ஒருபோதும் காணாத ஒருவனும் உங்கள் முடிவைத் தன் உலோகத்துக்குப் பிரயோகித்துக்கொள்ள முடியும். கடைசியாக, கருவியைப் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் அளந்து இரண்டையும் வெளியிடுங்கள்.

இந்த நான்கிற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை, சிரத்தை வேண்டும். உள்நாட்டில் செய்த இயந்திரத்தைக் கொண்டு உலகம் மதிக்கும் பரிசோதனைகளை நடத்திக்காட்டிய ஒரு நாட்டில் அந்தச் சிரத்தைக்குப் பஞ்சம் இல்லை. எது சிறந்த முளை என்ற கேள்விக்கு நம்மவர் இதுவரை நேர்மையாகப் பதில் அளித்திருக்கிறார்கள். எந்த உலோகத்துக்கு எந்த முளை, எக்காரணத்தால் என்று கணக்கிட்டுச் சொல்லும் விதியை அமைத்துக் கொடுப்பது அடுத்த தலைமுறையின் பொறுப்பு. அந்த விதி கிடைத்துவிட்டால், கிண்டிப் பட்டறையில் லேத்தின் முன் நிற்கும் தொழிலாளி ஒரு புதிய கலவைக்கு உரிய கருவியைப் பதினைந்து தகடுகளைச் சோதித்துப் பாழாக்காமல் முதல் முயற்சியிலேயே கடைந்துவிட முடியும்; ஆராய்ச்சிக்கு அதைவிடப் பெரிய பயன் வேறில்லை.